எண்ணெய் பட்ட சில்லு

கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதற்கென்று நீல விளக்கு வைத்த சின்னப் பெட்டி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்று இரண்டு வாக்கில் எல்லாக் கடைகளுக்கும் வந்துவிட்டது. விருத்தாசலம் கோயில் பக்கம் என் அம்மா ராஜம்மாள் நடத்திய பீங்கான் பொம்மைக் கடையிலும் ஒன்று இருந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள் அந்தக் கடைக்கு வருவதே அபூர்வம். ஆகையால் அந்தப் பெட்டியை அதிகம் பயன்படுத்தியது என் மனைவி வேல்விழிதான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நகத்தளவு பீங்கான் சில்லு ஒன்றை விளக்கின் கீழே வைப்பாள். "அத்தை, இங்க பாருங்க" என்பாள். வெறும் வெள்ளையாக இருந்த சில்லு மங்கலான சிவப்பில் ஒளிரும். அம்மா ஒவ்வொரு முறையும் முதன்முறை பார்ப்பவளைப் போல முகவாயில் கை வைத்துக்கொள்வாள்.

"குங்குமத்த கரைச்சு உள்ள வச்ச மாதிரி இருக்குதே. வெளக்க அணைச்சா எங்க போயிடுது?"

"அதத்தான் அத்தை படிச்சுக்கிட்டு இருக்கேன்."

"போற எடத்தையா?"

"போறதுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு."

இதையெல்லாம் ஒரு படிப்பு என்று ஒருத்தி வருஷக்கணக்கில் படிக்கிறாளே என்று அம்மாவுக்கு வியப்பு. எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நான் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஆய்வுக்கூட வேலையில் இருந்தேன். எங்கள் வேலையில் ஒரு எண் வந்தால் உடனே அதற்கு ஒரு பயன் இருக்கும். பாகு கெட்டியா, இளகலா, அடுத்த கலனுக்கு விடலாமா என்று தெரியும். இவளோ ஓர் எண்ணுக்காகப் பஸ் ஏறிச் சிதம்பரம் போவாள், திரும்பி வந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழம்பு அடிப்பிடிக்கும்.

வேல்விழி சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண். நெல் விவசாயக் குடும்பம். இயற்பியலில் முதுகலை முடித்து, எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தாள். அதோடு சிதம்பரத்தில் பேராசிரியர் சக்கரபாணியிடம் பகுதிநேர ஆராய்ச்சி. எங்கள் வீட்டில் அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் பஸ் சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதோ இல்லையோ, குரல் இரண்டு மடங்காகிவிடும். தாய் வீட்டு வாசலில் இறங்குவதற்குள் ஒரு வாரத்துக் கதையைச் சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து, என்னிடம் இல்லாத என்ன அங்கே இருக்கிறது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது உண்டு.

அவளுடைய ஆராய்ச்சியை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். யூரோப்பியம் என்று ஒரு தனிமம். அதன் அணுவின் மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டால் அது கிளர்ச்சி அடையும். அப்புறம் யாரும் தட்டாமல், கேட்காமல், தானாகவே சிவப்பு ஒளியை வெளியே விட்டுவிட்டு அடங்கிவிடும். ஒவ்வோர் அணுவும் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாக எடுத்தால் சராசரியாக நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் என்று சொல்லலாம். அந்த நேரத்தைத்தான் அவள் அளந்துகொண்டிருந்தாள். யூரோப்பியத்தைக் கரைசலாக்கி, கிளேஸ் போட்டு மெருகேற்றிய சில்லை அதில் ஒருமுறை முக்கி எடுத்துக் காயவைப்பாள். பீங்கான் தொழிற்பேட்டையில் பக்கிரி என்பவருடைய பொம்மைச் சூளையில் ஒரு மூலை இடம் கேட்டு வாங்கி, பிள்ளையார்களோடும் நாய்க்குட்டிகளோடும் சேர்த்து அதைச் சுட்டெடுப்பாள். மேலே படிந்திருக்கும் பூச்சு ஒளியின் அலைநீளத்தைவிடவும் மெல்லியது. யூரோப்பியம் விலை உயர்ந்த சரக்கு என்பதால் அவ்வளவு மெல்லியதாக்கினாளே தவிர, வேறு பெரிய யோசனை ஒன்றும் அப்போது அவளுக்கு இல்லை.

எந்தப் பக்குவத்தில் சுட்டால் எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதுதான் ஆய்வேடு. எளிய ஆய்வேடு. ஆனால் அதை முடிப்பதற்குள் பல்கலைக்கழகம் தந்த பதிவுக் காலம் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. முடிக்காவிட்டால் இத்தனை வருஷம் பஸ்ஸில் தூங்கி வழிந்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. கல்லூரியிலும் முனைவர் பட்டம் இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்து, சரஸ்வதி பூஜை வந்தது. கடைசி அளவுகளுக்கான சில்லுகளைப் பிஸ்கட் டப்பா ஒன்றில் இரண்டு அடுக்காக மெல்லிய தாள் வைத்து அடுக்கியிருந்தாள். மறுநாளைக்கு மறுநாள் சிதம்பரம் போக வேண்டும். அவள் கல்லூரிப் பூஜைக்குப் போயிருந்தபோது, அம்மா வீட்டில் பூஜைக்கு எடுத்து வைத்தாள். புத்தகம், பேனா, கடையின் தராசு எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போயிற்று. படிக்கிற பெண்ணின் படிப்புச் சாமான் இல்லாமல் பூஜையா? பிஸ்கட் டப்பாவும் போயிற்று.

மறுநாள் புனர்பூஜை முடிந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் காலையில் "போயிட்டு வரேன் அத்தை" என்று கிளம்பினாள். மாலையில் திரும்பியபோது முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

எண்கள் குழம்பிவிட்டன. ஒரே நாளில் ஒரே சூளையில் சுட்ட சில்லுகளில், பாதி பழைய நேரத்தையே காட்டின. பாதி சட்டென்று குறைந்த நேரத்தைக் காட்டின. கருவியைச் சரிபார்த்தார்கள். கருவியில் குற்றமில்லை. சக்கரபாணி கெட்டவர் அல்ல, ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "திரும்ப வராத எண்ணை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுத முடியாது அம்மா. உன் பூச்சு நிலைக்கவில்லை. புதிதாக ஆரம்பிக்க உனக்குக் காலமும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டப்பாவைக் கூடத்தில் வைத்துவிட்டு அழுதாள். மெல்ல விசும்பும் அழுகை இல்லை. அப்படி அழுது நான் அவளை முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. "போதுங்க. இனிமே என்னால முடியாது. நிறுத்திடறேன்" என்றாள். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சமாதானம் செய்ய வகை தெரியாமல் நான் டப்பாவைத் திறந்தேன். சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவனுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. பாகு கருகுவது எங்களுக்கு மணத்திலேயே தெரியும். டப்பாவுக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

"இதுல எப்படி எண்ணெ வந்துச்சு?" என்றேன்.

அம்மாதான் பதில் சொன்னாள். "பூஜைக்கு வச்சப்போ தூசியா இருந்துச்சுடா தம்பி. பொம்மையத் தொடைக்கிற மாதிரி ஒரு சொட்டு எண்ணெ வச்சுத் தொடைச்சன். மேல இருந்ததத்தான். கீழ இருந்ததத் தொடல. சாமி முன்னால வைக்கிறது பளிச்சுனு இருக்கட்டுமேன்னு..."

எங்கள் ஊர்ப் பொம்மைக் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. விற்காமல் தூசி படிந்த பொம்மைக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் காட்டித் துணியால் துடைத்தால் நேற்றுச் சூளையிலிருந்து வந்ததுபோல் மின்னும். அம்மா கடை திறந்ததும் செய்யும் முதல் வேலை அதுதான். அந்தக் கைக்குப் பீங்கான் என்றால் எல்லாம் ஒன்றுதான்.

வேல்விழி எழுந்து நின்றாள். "இனிமே என் சாமான் எதையும் தொடாதீங்க அத்தை" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். அன்றைக்குப் பிறகு அம்மா அவளுடைய மேசை இருந்த அறைக்குள் போகவே இல்லை. அவள் குடித்து வைத்த டம்ளரைக்கூட எடுக்கலாமா என்று என்னைக் கேட்பாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளிகளைப்போல் நடந்துகொண்டார்கள். நடுவில் நான் இருதலைக்கொள்ளி எறும்பு.

வேல்விழி சில்லுகளைச் சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டில் அலசி உலர்த்தி மீண்டும் சிதம்பரம் கொண்டுபோனாள். குறைந்திருந்த நேரமெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. சக்கரபாணிக்கு நிம்மதி. "அழுக்குதான். நல்லவேளை. அந்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதி முடி" என்றார்.

அத்தோடு அவள் எழுதி முடித்திருக்கலாம். பட்டம் வந்திருக்கும். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே அவளுக்கு ஒன்று உறுத்திவிட்டது. அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என்னிடம் கேட்டாள்:

"அழுக்குன்னா வெளிச்சத்தத் தின்னுடணும் இல்லீங்களா? நேரமும் கொறையும், வெளிச்சமும் கொறையும். ஆனா எண்ணெ பட்ட சில்லுல வெளிச்சம் கொறையவே இல்ல. மொத்த வெளிச்சம் அதேதான். சீக்கிரமா வந்து முடிஞ்சிடுது, அவ்ளோதான். அப்ப அந்த எண்ணெ என்னாத்தச் செஞ்சுது?"

அடுத்த முறை அவளே ஒரு சுத்தமான சில்லின்மேல் வேண்டுமென்றே ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். நேரம் குறைந்தது. கழுவினாள், திரும்பியது. மறுபடி விட்டாள், மறுபடி குறைந்தது. அணுவை யாரும் தொடவில்லை. அது பூச்சுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேலே காற்று இருந்த இடத்தில் எண்ணெய் வந்து உட்கார்ந்ததுதான் வித்தியாசம். ஒளியை விட்டுவிட வேண்டியது அணு. ஆனால் அந்த ஒளி போவதற்கு எத்தனை வழி இருக்கிறது என்பதைச் சுற்றியிருக்கும் பொருள் தீர்மானிக்கிறது. ஒளியை அதிகம் வளைக்கிற பொருளில் வழிகள் அதிகம், அணு காத்திருக்கும் நேரம் குறைவு. வெளிநாட்டில் பெரிய ஆய்வுக்கூடங்களில் இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவளும் படித்திருந்தாள், தன் கையிலிருந்த சில்லில் அது நடக்கும் என்று நினைத்ததில்லை, அவ்வளவுதான். பூச்சு கொஞ்சம் தடியாக இருந்திருந்தால், ஆழத்தில் இருக்கிற அணுக்களுக்கு மேலே எண்ணெய் இருக்கிறதா காற்று இருக்கிறதா என்றே தெரிந்திருக்காது.

ஆனால் எண்ணெய் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது. ஒளியை வளைக்கும் தன்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும் ஒரு வரிசை வேண்டும் என்றாள். அதைக் கேட்டதும், இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, அவளுடைய ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு வேலை இருப்பது தெரிந்தது. ஆலையில் நான் நாள் முழுக்கச் செய்வதே அதுதானே. பாகில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை, அது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்துத்தான் சொல்வோம். அதற்கென்றே கையடக்கக் கருவி உண்டு.

ஆலைப் பாகு பழுப்பு நிறம், ஒளியை விழுங்கும். ஆகவே வெள்ளைச் சர்க்கரையைச் சுடுநீரில் கரைத்து, வெறும் தண்ணீரிலிருந்து கம்பிப் பாகுக்கு முந்தின பதம்வரை, ஒன்றைவிட ஒன்று கெட்டியாக வரிசையாய்த் தயாரித்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கூடமெங்கும் சின்னச் சின்னக் குப்பிகள். எறும்புகள் ஊர் முழுக்கத் தகவல் சொல்லிக் கூட்டமாக வந்து சேர்ந்தன. சில்லுகளிலும் ஏறிவிட்டன. "மாமியார் எண்ணெ வச்சுத் தொடைச்சாங்க, புருஷன் எறும்பு விட்டாருன்னு ஆய்வேட்டுல எழுதிடறேன்" என்று வேல்விழி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இன்றைக்கும் பாகு மணம் மூக்கில் ஏறினால் எனக்கு அந்தக் கூடமும், தரையில் சம்மணமிட்டுக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த அவளும்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறார்கள். எங்கள் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பாகு கெட்டியாகக் கெட்டியாக நேரம் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. அந்த வரிசையில் தேங்காய் எண்ணெயை எங்கே வைப்பது என்று பார்த்தால், ஒளியை எண்ணெயளவுக்கே வளைக்கும் கெட்டிப் பாகு ஒன்று இருந்ததே, அதன் எண்ணோடு எண்ணெயின் எண் வந்து பொருந்திவிட்டது. ஒன்று கரும்பு, ஒன்று தேங்காய். இரண்டுக்கும் உறவில்லை. ஒளியை வளைப்பதில் மட்டும்தான் ஒற்றுமை. அதைப் பார்த்த பிறகுதான் சக்கரபாணி அழுக்கு என்ற சொல்லை விட்டார். பதிவுக் காலத்தை நீட்டிக்கச் சொல்லி அவரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். எளிய ஆய்வேட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சுற்றியிருக்கும் பொருளைப் பற்றிய புது ஆய்வேட்டை எழுதினாள் வேல்விழி. தேர்வாளர்கள் ஏற்காவிட்டால் இதுவும் போகும், அதுவும் போகும். தெரிந்தேதான் இறங்கினாள்.

அம்மாவிடம் அவள் சொல்லாமல் இல்லை. "நீங்க செஞ்சது நல்லதாத்தான் முடிஞ்சிருக்குது அத்தை" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அம்மா "சரிம்மா, சரிம்மா" என்றாள். பிற்பாடு என்னிடம், "எம் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுது. நல்ல பொண்ணு" என்றாள். பழமலைநாதர் கோயிலுக்குத் திங்கட்கிழமை தவறாமல் போய் வந்துகொண்டிருந்தாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்கான அந்தத் தேர்வு பொதுச்சபையில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சொந்தக்காரர்கள் வருவார்கள், கேசரியும் சமோசாவும் ஆய்வு மாணவர் செலவு. அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பெங்களூரிலிருந்து வந்த தேர்வாளர் தமிழ் தெரிந்தவர்தான், ஆனாலும் கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. எண்ணெய் ஒளியைத் தின்னவில்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். வேல்விழி அசரவில்லை. சேத்தியாத்தோப்புக் குரலில் பதில் சொன்னாள். கடைசி வரிசைவரை கேட்டது. பாகு வரிசையின் படத்தில் எண்ணெய் வந்து பொருந்திய இடத்தைக் காட்டியபோது தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முடிவில் ஒரு சம்பிரதாயம் உண்டு. சபையில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்த இரண்டு மாணவர்கள் எழுந்து கேட்பார்கள். அப்படியே கேட்டார்கள், பதிலும் ஆயிற்று. "வேறு யாராவது?" என்று சக்கரபாணி எழுந்துகொண்டே கேட்டார்.

அம்மா எழுந்து நின்றாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"ஐயா, இவ்ளோ நேரமா எண்ணெ எண்ணெனு பேசுனீங்க. எனக்கு அது ஒண்ணுதான் புரிஞ்சுது. அந்த எண்ணெய வச்சுத் தொடைச்சது இந்தப் பொண்ணு இல்லீங்க, நாந்தான். தெரியாமச் செஞ்சிட்டன். அதுக்காக இதோட படிப்புல எதையும் கொறைச்சிடாதீங்க."

சபை சிரித்தது. பிறகு அம்மா சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து அடங்கிவிட்டது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வி சபையில் வந்துவிட்டது. ஆய்வு மாணவர்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் தமிழில்.

வேல்விழி கையிலிருந்த குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"அத்தை, மாசி மகத்தன்னிக்கு நம்ம கோயிலுக்குள்ள எவ்ளோ கூட்டம்? யாரும் யாரையும் வெரட்டுறது இல்ல. அவங்கவங்க மனசுக்குத் தோணுறப்போ கெளம்புறாங்க. ஆனா ஒரு வாசல் மட்டும் தெறந்திருந்தா கூட்டம் கலைய நேரமாவும். நாலு வாசலும் தெறந்திருந்தா சீக்கிரம் கலைஞ்சிடும். உள்ள இருக்கிற ஆளு அதே ஆளுதான். வெளிய இருக்கிற வாசல்தான் வேற. எண்ணெ வந்து இன்னும் ரெண்டு வாசலத் தெறந்துச்சு. வாசலப் பத்தி யோசிக்கணும்னே எனக்கு அன்னிவரைக்கும் தோணல. நான் கோயிலுக்குள்ள இருக்கிற கூட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப எண்ணெ தப்பு இல்லியா?"

"இல்ல அத்தை. இந்தப் புத்தகம் முழுக்க அதுதான் இருக்குது."

அம்மா, வீட்டுக் கூடத்தில் நின்று கேட்பதைப்போல் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப ஏம்மா அன்னிக்கு அப்படி அழுத?"

அத்தனை பேர் கேட்ட கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னவள் அந்தக் கேள்விக்கு மட்டும் மேடை விளிம்புவரை வந்தாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கு எனக்கே தெரியாது அத்தை."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என் பக்கம் சாய்ந்து, "ரெண்டு வருசமா வவுத்துல நெருப்ப கட்டிக்கிட்டு இருந்தன்டா" என்றாள். மெல்லச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். பொம்மைக் கடையில் கூவிக் கூவி விற்ற குரல் அது. மேடைவரை கேட்டுவிட்டது.

அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வேல்விழி இப்போது துறைத் தலைவர். அந்த நாளை நினைத்தால் பட்டம் கிடைத்ததாக அறிவித்த நேரம் எனக்கு நினைவில்லை. அதற்கு முந்தின சில நிமிஷங்கள்தான் இருக்கின்றன. தேர்வாளர்கள் கூடிப் பேசும்போது ஆய்வு மாணவர் சபைக்கு வெளியே போய் நிற்க வேண்டும், கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும். வேல்விழி கதவுப் பக்கம் போகவே இல்லை. மேடையிலிருந்து இறங்கி நேராக வந்து, என்னை எழுப்பிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சக்கரபாணி அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், முன்னாலிருந்த ஆய்வேட்டைப் புரட்டினார். நான்தான் வெளியே போய் நின்றேன்.